சோதனை நிலைப் புற்றுநோய் மருந்துகள்: விண்ணப்பத்தை எழுதித் தருபவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய்க்குப் புதிய மருந்து வந்திருக்கிறது என்ற செய்தி வெளியாகும் ஒவ்வொரு முறையும், அந்த மருந்து இந்நாட்டின் ஒரு சாதாரண நோயாளியின் படுக்கை வரை எந்த வழியாக வந்து சேரும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவும், அந்த வழியில் நான் கண்டதைச் சொல்வதற்காகவும் இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் மருத்துவரோ சட்டம் படித்தவளோ அல்லள். முப்பத்தோரு ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள். மருந்து விதிகளை எழுத்தெண்ணிப் படிக்க வேண்டிய நிலை என் தம்பியின் நோயால் எனக்கு வந்தது.

தம்பி சிறிய அச்சகம் ஒன்றை நடத்திவந்தான். லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய் அவனுக்கு வந்தது. முதல் சுற்றுக் கீமோவில் கட்டிகள் கரைந்தன. ஒன்றரை ஆண்டுக்குள் திரும்பி வந்தன. இரண்டாம் முறை கொடுத்த மருந்துகளுக்கு அடங்கவில்லை. அப்போது மருத்துவர், வெளிநாடுகளில் அனுமதி பெற்று இங்கு இன்னும் விற்பனைக்கு வராத ஒரு மருந்தின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, முயன்று பாருங்கள் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாசலில் நூறு பேர் காத்திருக்கும் புறநோயாளிப் பிரிவில் அதற்கு மேல் பேச அவருக்கு நேரமில்லை. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நாங்கள் முதலில் போனது மருந்துக்கடைக்கு. கடைக்காரர் மூலம் அறிமுகமான ஒருவர், பில் இல்லாமல் மருந்தைத் தருவித்துக் கொடுப்பதாகச் சொல்லி முன்பணம் கேட்டார். தம்பி மனைவி தன் வளையல்களைக் கழற்றக்கூடத் துணிந்துவிட்டாள். தெரியாத ஒருவர் கொண்டுவரும் குப்பிக்குள் என்ன இருக்கும் என்ற பயத்தில் நான்தான் தடுத்தேன். அரசிடம் முறையாக அனுமதி கேட்க ஒரு படிவம் இருக்கிறது என்பதை நாங்கள் அறிந்துகொள்வதற்குள் இருபத்து மூன்று நாட்கள் போய்விட்டன. மருத்துவரின் பதிவெண்ணும் மருந்தின் அளவும் எத்தனை நாளைக்கு என்ற விவரமும் சீட்டில் இல்லாததால் விண்ணப்பம் ஒரு முறை திரும்பி வந்தது. அனுமதி கிடைத்த வாரத்தில் தம்பியின் சிறுநீரகங்கள் செயலிழக்கத் தொடங்கியிருந்தன. எந்த மருந்தையும் தாங்கும் நிலையில் உடல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த மருந்து அவனைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எவராலும் இயலாது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். விதி எங்களைத் தடுக்கவில்லை. விதி எங்களுக்கு அனுமதி அளித்தது. அந்த விதி இருப்பதை எங்களுக்குச் சொல்வதும், அதன்படி விண்ணப்பத்தைப் பிழையில்லாமல் எழுதித் தருவதும் எவருடைய வேலையாகவும் இல்லை என்பதுதான் எங்களுக்கு நேர்ந்தது.

இந்நாட்டின் விதிகளில் ஒரு வழியல்ல, பல வழிகள் இருக்கின்றன. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளின்படி, இங்கு அனுமதி பெறாத மருந்தை ஒரு நோயாளி தன் சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறிய அளவில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். பதிவுபெற்ற மருத்துவரின் பரிந்துரையோடு 12ஏ என்ற படிவத்தில் விண்ணப்பித்தால் 12பி என்ற படிவத்தில் அனுமதி தருவார்கள். 2019 மார்ச் 19-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி, உயிருக்கு ஆபத்தான நோய்க்காக, அனுமதி பெறாத புதிய மருந்தை அரசு மருத்துவமனை தன் நோயாளிகளுக்காக இறக்குமதி செய்ய முடியும். அதற்கான படிவத்துக்குச் சிடி-24 என்று பெயர். உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ மூன்றாம் கட்டச் சோதனையில், அதாவது அனுமதிக்கு முந்தைய பெரிய அளவிலான சோதனையில், இருக்கும் மருந்தை, வேறு சிகிச்சை பலிக்காத நோயாளிக்காகக் கருணை அடிப்படையில் தருவிக்க மற்ற மருத்துவமனைகளுக்கும் 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் கொடுத்தது. 2024 ஆகஸ்டில், அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றில் அனுமதி பெற்ற மரபணு சிகிச்சை, உயிரணு சிகிச்சை, தற்போதைய சிகிச்சையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்ட மருந்து முதலான ஐந்து வகைகளுக்கு உள்நாட்டுச் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்ற ஆணையும் வந்தது.

இவை ஒவ்வொன்றும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொன்றும் 'விண்ணப்பித்தால்' என்ற சொல்லில் தொடங்குகிறது. மருத்துவமனை விண்ணப்பித்தால், நிறுவனம் விண்ணப்பித்தால், நோயாளி விண்ணப்பித்தால். விண்ணப்பிக்க வேண்டிய கடமை இவர்களில் எவருக்கும் இல்லை. சிடி-24 படிவத்தை நிரப்ப வேண்டியது மருத்துவமனை நிர்வாகம். அது நிரப்பவில்லை என்றால் ஏன் என்று கேட்க நோயாளிக்கு இடமில்லை. மருந்து நிறுவனம் கொடுக்க மறுத்தால், கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லும் சட்டமும் இல்லை. ஆங்கிலம் தெரிந்த, இணையத்தில் தேடத் தெரிந்த, பெருநகர மருத்துவர் ஒருவரின் தொலைபேசி எண் கையில் உள்ள குடும்பம் இந்த வழிகளில் ஒன்றைக் கண்டுகொள்ளும். கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலாளியின் குடும்பம் எப்படிக் கண்டுகொள்ளும்?

இதற்கு மாற்றாக, சாகும் நிலையில் இருப்பவருக்கு விதிகளே வேண்டாம், அவர் விரும்பும் மருந்தை அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்ற வாதத்தைச் சிலர் முன்வைக்கிறார்கள். தம்பியின் படுக்கையருகே இருந்த நாட்களில் எனக்கும் அந்த வாதம் நியாயமாகத்தான் பட்டது. அமெரிக்காவில் அபிகெயில் பரோஸ் என்ற இருபத்தொரு வயதுப் பெண், தலை-கழுத்துப் புற்றுநோய்க்கு அப்போது சோதனையில் இருந்த மருந்தைப் பெற முடியாமல் 2001-இல் இறந்தார். அவருடைய தந்தை ஓர் அமைப்பைத் தொடங்கி வழக்கு நடத்தினார். 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு அவர் பக்கம் நின்றாலும், மறு ஆண்டே அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு, சோதனை நிலை மருந்தைப் பெறுவது அரசியல் சட்டம் தந்த உரிமை ஆகாது என்று தீர்ப்பளித்தது. பிறகு 2018 மே மாதத்தில், சிலரிடம் பாதுகாப்பைப் பார்க்கும் முதற்கட்டச் சோதனை முடிந்த மருந்தை, அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்தின் (எஃப்டிஏ) அனுமதி இல்லாமலே நோயாளி கேட்டுப் பெறலாம் என்ற 'முயன்று பார்க்கும் உரிமை'ச் சட்டம் அங்கு வந்தது. அந்தத் தந்தையின் துயரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தச் சட்டத்தைப் போன்ற ஒன்று இங்கு வர வேண்டாம் என்பதே, படித்தும் பட்டும் நான் வந்து சேர்ந்த முடிவு.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். 1990-களில் முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு மிக அதிக அளவில் கீமோ கொடுத்து, அதனால் அழியும் எலும்பு மஜ்ஜையை மஜ்ஜை மாற்று சிகிச்சையால் மீட்பது பெரும் நம்பிக்கையாக அமெரிக்காவில் பேசப்பட்டது. காப்பீட்டு நிறுவனங்கள் அதைச் சோதனை நிலைச் சிகிச்சை என்று மறுத்தன. நோயாளிகள் நீதிமன்றம் போனார்கள். 1993-இல் கலிபோர்னியாவில் ஜூரி எனப்படும் ஒரு நடுவர் குழு, மறுத்த நிறுவனம் 8.9 கோடி டாலர் தர வேண்டும் என்றது. அதன்பின் கேட்ட பலருக்கும் அந்தச் சிகிச்சை கிடைத்தது. பல்லாயிரம் பெண்கள் அந்தக் கொடிய வேதனையை ஏற்றுக்கொண்டார்கள். கேட்டால் கிடைக்கும் என்றிருந்தபோது, குலுக்கல் முறையில் பழைய சிகிச்சையும் கிடைக்கக்கூடிய சோதனையில் சேர முன்வந்தவர்கள் குறைவு. அதனால் விடை தெரிய ஆண்டுக்கணக்கில் தாமதமாயிற்று. 1999-இல் சோதனை முடிவுகள் வந்தபோது, வழக்கமான சிகிச்சையைவிட அது உயிரை நீட்டிக்கவில்லை என்று தெரிந்தது. அப்போது தெளிவான நன்மை இருப்பதாகக் காட்டிய ஒரே ஆய்வு தென்னாப்பிரிக்காவில் நடந்தது. அது மோசடியானது என்று மறு ஆண்டே அம்பலமானது. மருந்து கிடைக்காமல் போவது ஒரு துயரம் என்றால், உதவாத மருந்தைப் பெற்று, மிஞ்சிய சில மாதங்களையும் வாந்தியிலும் காய்ச்சலிலும் மருத்துவமனை வாடையிலும் கழிப்பது அதைவிடச் சிறிய துயரம் அன்று.

விதிகள் தளர்ந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதும் இல்லை. கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து நம் மக்கள் சிகிச்சைக்குப் போய்வரும் திருவனந்தபுரத்தில், மண்டலப் புற்றுநோய் மையத்தில், 1999-க்கும் 2000-க்கும் இடையில், வாய்ப்புற்றுநோயாளிகள் இருபதுக்கும் மேற்பட்டோரின் கட்டிகளில் ஒரு சோதனை வேதிப்பொருள் ஊசி மூலம் செலுத்தப்பட்டது. 2001-இல் செய்தி வெளிவந்தபின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் விசாரணை நடத்தி, தன் ஆய்வாளர் அதற்கு உரிய அனுமதி பெறவில்லை என்றும், மனிதருக்குச் செலுத்துவதற்கு முன் விலங்குகளில் செய்ய வேண்டிய பாதுகாப்புச் சோதனைகள் போதுமானவையாக இல்லை என்றும் கண்டது. 2013-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுக் கடுமை காட்டியதும், சோதனையில் பாதிக்கப்படுவோருக்கு இழப்பீடு கட்டாயமாக்கப்பட்டதும் இத்தகைய அனுபவங்களால்தான். முப்பது நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 90 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள நோயாளி சோதனையால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று விதி சொல்கிறது. தொகை சிறியது என்று வாதிடலாம். எப்படியும் இறக்கப் போகிறவர்தானே என்று அந்த உயிரைக் கணக்கிலிருந்து தள்ளிவிட விதி சம்மதிக்கவில்லை என்பதை நான் மதிக்கிறேன்.

ஆகவே நான் கேட்பது விதியைத் தளர்த்துவதை அன்று. விதி காட்டும் வழியில் நோயாளியை அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்வதை. இதற்கும் அமெரிக்காவிலேயே முன்மாதிரி உண்டு. அங்குள்ள மருந்து நிர்வாகம் தன்னிடம் வரும் கருணை அடிப்படை விண்ணப்பங்களில் 99 சதவீதத்துக்கு மேல் அனுமதிக்கிறது. அவசரமானால் மருத்துவர் தொலைபேசியில் கேட்டு அனுமதி பெற்றுச் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். எழுத்து வேலையைப் பிறகு பதினைந்து வேலைநாட்களுக்குள் முடித்தால் போதும். அது போதாதென்று, புற்றுநோய் மருத்துவர்கள் விண்ணப்பம் எழுத உதவுவதற்கென்றே 2019-இல் ஒரு தொலைபேசி மையத்தையும் தொடங்கினார்கள். 2018-இன் சட்டத்தின் வழியாக மருந்து பெற்றவர்கள் மிகச் சிலரே. பழைய வழியில், உதவிக்கு ஆள் இருந்த வழியில் பெற்றவர்களே மிகப் பலர்.

சோதனைகளில் சேரும் வழியிலும் இதே குறைதான். உலகப் புற்றுநோய்க் கணக்கின்படி 2022-இல் இந்தியாவில் ஏறத்தாழ 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நோயால் இறந்தனர். இங்கு நடக்கும் ஒவ்வொரு மருத்துவச் சோதனையையும் பொதுப் பதிவேட்டில் பதிவது 2009 முதல் கட்டாயம். எந்த மருத்துவமனையில் நடக்கிறது, யாரைச் சேர்ப்பார்கள், யாரைத் தொடர்புகொள்வது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அது ஆங்கிலத்தில், மருத்துவர்களுக்கே உரிய சொற்களில் இருக்கிறது. நம் நோயாளிகளில் பெரும்பாலோர் முற்றிய நிலையில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள்; முன்பு எத்தனை வகை மருந்து எடுத்தார், சிறுநீரகம் எப்படி, எழுந்து நடமாட முடிகிறதா என்ற நிபந்தனைகளைத் தாண்ட அவர்களால் முடிவதில்லை. தம்பிக்குப் பொருந்தக்கூடிய ஒரு சோதனை வேறு மாநிலத்தில் நடந்துகொண்டிருந்ததை அவன் இறந்தபின் அந்தப் பதிவேட்டில் பார்த்தேன். நோய் முதல் முறை திரும்பிய அன்றே யாராவது பார்த்துச் சொல்லியிருந்தால் அப்போது அவன் அதற்குத் தகுதி உள்ளவனாக இருந்திருப்பான். கணக்கு ஆசிரியையான எனக்கு அந்தத் தேதிகளைக் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார் டி-செல் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி-செல்கள் எனப்படும் நோயெதிர்ப்பு அணுக்களைப் பிரித்தெடுத்து, புற்றணுக்களை அடையாளம் காணும்படி மரபணு மாற்றம் செய்து, திரும்ப உடலில் ஏற்றும் சிகிச்சை அது. அமெரிக்காவில் இவ்வகையில் 2017-இல் முதலில் அனுமதி பெற்ற சிகிச்சையின் விலை 4,75,000 டாலராக இருந்தது. இங்கு அதில் சிறு பங்கே ஆகிறது என்பது பெருமைக்குரிய செய்தி. ஆனால் அந்தச் சிறு பங்கும் பல பத்து லட்சம் ரூபாய். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓராண்டுக்கான வரம்பு 5 லட்சம். தனியார் காப்பீட்டிலோ 'நிரூபிக்கப்படாத சிகிச்சை' என்றொரு விலக்கு இருக்கிறது. தம்பியின் மருந்துச் செலவை ஏற்பீர்களா என்று முன்கூட்டியே கேட்டபோது எங்களுக்கு வந்த பதில் அந்த விலக்கைக் காட்டித்தான் மறுத்தது. ஆனால் பயனைக் காட்டும் போதிய மருத்துவ ஆவணம் இல்லாத சிகிச்சை என்பதே அந்த விலக்கின் பொருள். வேறு நாடுகளில் முழுச் சோதனையும் முடித்து அனுமதி பெற்ற ஒரு மருந்து அந்த வரையறைக்குள் எப்படி வரும்? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் ஊசிவழி நோயெதிர்ப்பு சிகிச்சை உள்ளிட்ட நவீன சிகிச்சைகளை விலக்கக் கூடாது என்று வழிகாட்டியதுபோல, அரசின் முறையான அனுமதியோடு தருவிக்கப்படும் மருந்தையும் நிரூபிக்கப்படாதது என்று தள்ளக் கூடாது என்று தெளிவுபடுத்த வேண்டும்.

நான் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் ஒவ்வோர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு புற்றுநோய் மருத்துவமனையிலும், இதற்கென ஒருவரை அமர்த்த வேண்டும். அவர் மருந்தாளுநராக இருந்தால் இன்னும் நல்லது. வழக்கமான சிகிச்சை பலிக்காத நோயாளியின் கோப்பு அவர் மேசைக்குப் போக வேண்டும். பதிவேட்டில் பொருந்தும் சோதனை இருக்கிறதா என்று தேடுவதும், இருந்தால் அந்த மருத்துவமனையோடு பேசுவதும், இல்லையென்றால் 12ஏ அல்லது சிடி-24 படிவத்தை மருத்துவரின் கையொப்பத்தோடு நிரப்பி அனுப்புவதும், இது இந்த நோயாளிக்குப் பொருந்தாது என்றால் அதைக் குடும்பத்தாரிடம் தமிழில் பொறுமையாகச் சொல்வதும் அவர் வேலையாக வேண்டும். கடைசியில் சொன்னது சிறிய வேலை அன்று. இல்லை என்று ஒருவர் தெளிவாகச் சொல்லியிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் முகவர்களிடம் நகையை இழந்திருக்க மாட்டா. நம் மாநிலத்தில் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண் ஏற்கெனவே இருக்கிறது. அந்த எண்ணில் அழைத்தால் இந்த மேசைக்கு இணைப்புக் கொடுக்கலாம்.

இந்த அனுமதிகளை வழங்கும் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் ஒரு வேண்டுகோள். இந்தியாவிலேயே கண்டுபிடித்து இங்கேயே தயாரிக்கும் மருந்தின் சோதனை விண்ணப்பத்துக்கு முப்பது வேலைநாட்களில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்று 2019 விதிகள் நிறுவனங்களுக்கு உறுதி தருகின்றன. உயிருக்குப் போராடும் தனி நோயாளியின் விண்ணப்பத்துக்கு ஐந்து வேலைநாட்களுக்குள் பதில் என்று ஓர் உறுதி தர வேண்டும். மாதந்தோறும் எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன, சராசரியாக எத்தனை நாட்கள் ஆயின, எந்தக் காரணத்தால் திருப்பப்பட்டன என்ற கணக்கை, நோயாளியின் பெயர் இல்லாமல், மாநில வாரியாக வெளியிட வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன விண்ணப்பங்கள் சென்னை, வேலூர் தவிர வேறு எந்த ஊர்களிலிருந்து போயின என்பது அப்போது எல்லோருக்கும் தெரியும்.

சோதனையில் சேர்ந்து குணம் கண்ட நோயாளிக்கு, வேறு மாற்று சிகிச்சை இல்லாதபோது, சோதனை முடிந்தபின்னும் அந்த மருந்தை நிறுவனம் இலவசமாகத் தர வழிசெய்யும், 2019 விதிகளின் 27-ஆவது விதியைப் பற்றியும் சேரும் நாளிலேயே நோயாளிக்குச் சொல்ல வேண்டும். அதற்கு ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து, சோதனையில் சேர்வோரின் நலனைக் கவனிக்கும் நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும் என்பதால், கேட்கத் தெரிந்தவருக்கே அது பயன்படும்.

தம்பியின் கோப்பை நான் இன்னும் வைத்திருக்கிறேன். திரும்பி வந்த விண்ணப்பமும், திருத்தி அனுப்பிய விண்ணப்பமும், அனுமதிக் கடிதமும் அதில் வரிசையாக இருக்கின்றன. கடந்த ஓராண்டில் இரண்டு குடும்பங்கள் அதைப் பார்த்து எழுதிப் போயின. ஒரு குடும்பத்தின் விண்ணப்பம் முதல் முறையிலேயே ஏற்கப்பட்டது. பெயர்களை மறைத்து அதன் நகலைத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கிறேன். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அந்தப் படிவத்தை எந்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்ற விளக்கத்தோடு வெளியிட்டால், அடுத்து வருபவர்களுக்கு இருபத்து மூன்று நாட்கள் மிச்சமாகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
பாளையங்கோட்டை.